தொட்டால் கெடும், ஒளியால் அளக்கலாம்: ஒரு மெல்லிய பூச்சின் கதை

இந்தப் பதிவில் பங்குச்சந்தையும் இல்லை, சினிமாவும் இல்லை. கொஞ்சம் அறிவியல், நிறைய வரலாறு. "பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களே, கடைசிப் பகுதியில் ஒரு ஸ்டாக் கணக்கு வருகிறது. அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

ஜப்பானில் நடந்து, 2004-ம் ஆண்டு ஆய்விதழில் வெளிவந்த ஒரு சிகிச்சையில் இருந்து ஆரம்பிக்கலாம். இரண்டு கண்களிலும் கருவிழியின் மேல்தோல் அழிந்துபோன நான்கு நோயாளிகள். கண்ணில் அந்தத் தோலைப் புதுப்பிக்கும் செல்களே அவர்களுக்கு மிச்சமில்லை. கோஜி நிஷிடா என்ற கண் மருத்துவரும் அவரது குழுவும் நோயாளியின் வாய்க்குள்ளிருந்து 3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னத் துண்டை எடுத்தார்கள். அதிலிருந்த செல்களை ஒரு தட்டில் 37 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வளர்த்தார்கள். பிறகு தட்டை 20 டிகிரிக்குக் குளிரவைத்து அரைமணி நேரம் காத்திருந்தார்கள். செல்கள் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்தபடியே ஒரே படலமாகக் கழன்று வந்தன. கத்தி படவில்லை, ரசாயனம் ஊற்றவில்லை. அந்தப் படலத்தைத் தையல்கூடப் போடாமல் கண்ணில் வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் கருவிழியின் மேல்தோல் மூடிக்கொண்டது. நான்கு பேருக்கும் பார்வை மேம்பட்டது.

இந்த மாயத்தைச் செய்தது அந்தத் தட்டில் பூசியிருந்த ஒரு பாலிமர். சூட்டில் ஒரு மாதிரியும் குளிரில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் ஹைட்ரோஜெல் பூச்சு. இந்த மாதிரித் தட்டுகளில் பூச்சின் தடிமன் ஏறக்குறைய 20 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவில் இப்படிப்பட்ட பூச்சுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். கொஞ்சம் தடிமன் கூடினாலும் வேலை கெட்டுவிடும்.

சரி, இவ்வளவு மெல்லிசான ஒன்றை, அதுவும் தண்ணீரில் ஊறி வீங்கிச் சுருங்கும் ஒரு கூழை எப்படி அளப்பது? ஸ்கேல் வைக்க முடியாது. ஊசியால் தொட்டால் அமுங்கும். காயவைத்து அளந்தால் அது காய்ந்த பூச்சின் அளவு, ஊறியதன் அளவு இல்லை. மிஞ்சியிருப்பது ஒளி மட்டும்தான். ஒளியை அளவுகோலாக்க மனிதர்கள் எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய 300 வருஷம். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

நிறமே அளவுகோல்

சோப்புக் குமிழியில் வானவில் நிறம் ஓடுவதை எல்லாரும் பார்த்திருப்போம். மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சிந்தினாலும் அதே நிறங்கள். சோப்புத் தண்ணீருக்கு நிறம் கிடையாது, பெட்ரோல் சிந்திய இடத்திலும் யாரும் சாயம் ஊற்றவில்லை. அப்புறம் நிறம் எங்கிருந்து வருகிறது?

ராபர்ட் ஹூக் 1665-ல் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' புத்தகத்தில், மைக்கா ஏடுகளை மெல்லிசாகப் பிரிக்கும்போது இந்த நிறங்கள் தெரிவதை எழுதினார். ஏட்டின் தடிமனுக்கும் நிறத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று புரிந்தது. ஆனால் அந்தத் தடிமனை அளக்க அவரிடம் வழி இல்லை.

வழி கண்டுபிடித்தவர் நியூட்டன். தட்டையான கண்ணாடி மேல், லேசாக வளைந்த ஒரு லென்ஸை வைத்தார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காற்று இடைவெளி நடுவில் பூஜ்யம், வெளியே போகப் போகக் கூடும். மேலிருந்து பார்த்தால் நிற வளையங்கள். லென்ஸின் வளைவு தெரிந்தால், எந்த வளையத்தில் இடைவெளி எவ்வளவு என்று வெறும் வடிவியல் கணக்கிலேயே சொல்லிவிடலாம். 1704-ல் வந்த 'ஆப்டிக்ஸ்' புத்தகத்தில் எந்த நிறத்துக்கு எந்தத் தடிமன் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தார். நிறத்தைப் பார்த்துத் தடிமனைச் சொல்லும் முதல் ரெடிரெக்கனர் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒளி என்பது துகள் என்ற நோக்கில்தான் நியூட்டன் இதை விளக்க முயன்றார். நூறு வருஷம் கழித்து தாமஸ் யங், ஒளி அலை என்று எடுத்துக்கொண்டு அதே வளையங்களை விளக்கினார். ஏட்டின் மேல்பக்கம் பட்டுத் திரும்பும் அலையும் அடிப்பக்கம் பட்டுத் திரும்பும் அலையும் சேரும்போது சில நிறங்கள் வலுக்கும், சில அழியும். பள்ளிக்கூடத்தில் 'குறுக்கீட்டு விளைவு' என்று படித்தோமே, அதுதான். யங் இதற்குப் பயன்படுத்தியது நியூட்டனின் அளவுகளைத்தான். கொள்கை மாறியது, அளந்த எண்கள் அப்படியே செல்லுபடியாயின. நல்ல அளவீடு அளந்தவரின் கொள்கையைவிட அதிக நாள் உயிரோடிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஸ்பூன் எண்ணெயும் ஒரு சமையலறையும்

நிறத்தை வைத்து அளப்பதில் ஒரு குறை இருக்கிறது. ஏடு ரொம்ப மெல்லிசாகிவிட்டால் நிறமே தெரியாது. சோப்புக் குமிழி உடைவதற்குச் சற்று முன்னால் அதன் உச்சி கறுத்துப்போவதும் அதனால்தான். இதை நியூட்டனே கவனித்திருந்தார்.

இந்த நிறம் தெரியாத எல்லைக்குள் போன முதல் ஆட்களில் ஒருவர், அமெரிக்க டாலர் நோட்டில் இருக்கிறாரே, அதே பெஞ்சமின் ஃபிராங்க்ளின். லண்டனில் கிளாப்ஹாம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெயை ஊற்றினார். அது பரவிப் பரவி அரை ஏக்கர் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி அமைதியாக்கியது என்று 1774-ல் வெளியான கடிதத்தில் எழுதினார். நம் கணக்கில் 50 சென்ட் நிலம். அவர் தடிமனைக் கணக்கிடவில்லை, நாம் போட்டுப் பார்க்கலாம். 5 மில்லிலிட்டரை ஏறக்குறைய 2000 சதுர மீட்டரால் வகுத்தால் 2.5 நானோமீட்டர். கிட்டத்தட்ட ஒரே ஒரு மூலக்கூறின் உயரம்!

அடுத்தவர் ஆக்னஸ் பொக்கல்ஸ். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வீட்டு வேலையும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புமாக இருந்தவர். பெண்களுக்கு அப்போது அங்கே பல்கலைக்கழகத்தில் இடமில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய்ப் பசை சேர்ந்தால் நீர்ப்பரப்பின் இழுவிசை எப்படி மாறுகிறது என்று சமையலறையிலேயே கருவி செய்து அளந்தார். 1891-ல் இங்கிலாந்தின் ரேலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ரேலே அதை மொழிபெயர்க்கவைத்து 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். அவருடைய தொட்டி முறையை எடுத்து வளர்த்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் இர்விங் லாங்மூர். 1932-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லாங்மூரின் உதவியாளராகச் சேர்ந்தவர் கேத்தரின் பிளாட்ஜெட். 1926-ல் கேம்பிரிட்ஜில் இயற்பியல் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண். தண்ணீர் மேல் மிதக்கும் ஒரு மூலக்கூறு தடிமன் உள்ள சோப்புப் படலத்தை, கண்ணாடித் தகட்டைத் தோய்த்துத் தோய்த்து எடுப்பதன் மூலம் ஒவ்வொரு அடுக்காக ஏற்ற முடியும் என்று 1930-களில் காட்டினார். பேரியம் ஸ்டியரேட் படலம் என்றால் ஒவ்வொரு அடுக்கும் ஏறக்குறைய 2.4 நானோமீட்டர். நியூட்டனிடம் வளைந்த லென்ஸ் இருந்தது. பிளாட்ஜெட்டிடம் எண்ணிக்கை இருந்தது. இத்தனை தடவை தோய்த்தேன், எனவே இத்தனை நானோமீட்டர்! படிப்படியாக அடுக்கு கூடும் ஒரு நிறப்பட்டை செய்து, அளக்க வேண்டிய படலத்தின் நிறத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். துணிக்கடையில் சாம்பிள் அட்டையை வைத்து நிறம் பார்ப்பது மாதிரி.

1938-ல் 44 அடுக்குகள் ஏற்றி, ஒளியைத் திருப்பி அனுப்பாத கண்ணாடியையும் செய்து காட்டினார். ஆனால் அந்தப் பூச்சு துடைத்தால் போய்விடும். மெல்லிய படலங்களின் நிரந்தரப் பிரச்சினை இது: தொட்டால் கெடும்.

அழுக்கைக் கண்டுபிடித்தவர்

இப்போது சில பத்தாண்டுகள் பின்னால் போக வேண்டும். அதே பிரவுன்ஷ்வைக் நகரில் 1863-ல் பிறந்தவர் பால் ட்ரூட. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, உலோகப் பளபளப்புள்ள கனிமங்களில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்துகொண்டிருந்தார். அதில் ஒன்று ஆன்டிமனி கனிமம், ஸ்டிப்னைட். அப்போதுதான் பிளந்த பரப்பு ஒரு அளவு காட்டியது, காற்றில் கிடந்த பரப்பு வேறு அளவு காட்டியது. கனிமம் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான். அளவு மட்டும் மாறுகிறது.

வேறு யாராவது "அழுக்குப் படிந்துவிட்டது, துடைத்துவிட்டு மறுபடி அளப்போம்" என்று போயிருக்கலாம். ட்ரூட அந்த அழுக்கையே அளக்க உட்கார்ந்தார். கண்ணுக்கே தெரியாத ஒரு மேற்படலம் ஒளியை இவ்வளவு மாற்றுகிறது என்றால், மாற்றத்தை வைத்துப் படலத்தின் தடிமனைச் சொல்லலாம் அல்லவா? அதற்கான சமன்பாடுகளை 1889-ல் வெளியிட்டார்.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு கயிற்றைச் சுவரில் கட்டி ஆட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக ஆட்டலாம், இடம் வலமாக ஆட்டலாம், சாய்வாகவும் ஆட்டலாம். சாய்வான ஆட்டம் என்பது முதல் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது. ஒளி அலைக்கும் இப்படி ஆட்டத் திசை உண்டு. இதைத்தான் 'தளவிளைவு' என்று பாடத்தில் படித்தோம். சாய்வாக ஆடும் ஒளியை ஒரு பரப்பில் சரிவாக அடித்தால், அதன் இரண்டு பகுதிகளும் ஒரே மாதிரித் திரும்பாது. ஒன்று வலுக் குறைந்து வரும், ஒன்று சற்றுத் தாமதித்து வரும். நேர்கோட்டில் ஆடிக்கொண்டு போன ஒளி, திரும்பும்போது நீள்வட்டத்தில் சுழன்றுகொண்டு வரும். பரப்பின் மேல் அரை நானோமீட்டர் படலம் இருந்தால்கூட அந்த நீள்வட்டத்தின் வடிவம் மாறும். நிறம் மாறாத இடத்தில்கூட நீள்வட்டம் மாறும். இங்கேதான் ட்ரூட நியூட்டனைத் தாண்டிப் போனார்.

உலோகத்தில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்ற ட்ரூட கொள்கைக்காகத்தான் அவர் பெயர் இன்று புத்தகங்களில் நிற்கிறது. 1905-ல் பெர்லின் இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநரானார். 1906 ஜூலையில், 43-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு, தற்கொலை செய்துகொண்டார். அவருடைய மேற்படலச் சமன்பாடுகள் அப்போது பெரிதாக யாருக்கும் தேவைப்படவில்லை. கணக்கு கடினம், அளக்க வேண்டிய படலமும் தொழிலில் யாரிடமும் இல்லை.

அதை எடுத்து உபயோகித்த சிலரில் ஒருவர் நார்வேக்காரர் லெய்ஃப் ட்ரோன்ஸ்டாட். இரும்பும் எஃகும் சில திரவங்களில் துருப்பிடிக்காமல் இருப்பது ஏன் என்பதை, மேலே உருவாகும் ஆக்சைடு படலத்தை ட்ரூட முறையில் அளந்து ஆராய்ந்தார். முக்கியமாக, திரவத்துக்குள் இருக்கும்போதே அளந்தார். இந்த ஆளின் மிச்சக் கதை சினிமாதான். வெமோர்க் என்ற இடத்துக் கனநீர் ஆலையைத் திட்டமிட்டவர்களில் இவர் ஒருவர். நாஜிகள் நார்வேயைப் பிடித்தபின் 1941-ல் பிரிட்டனுக்குத் தப்பினார். தான் உருவாக்க உதவிய அந்த ஆலையையே தகர்க்கும் திட்டத்தை அங்கிருந்து வகுத்தார். 1943 பிப்ரவரியில் அது நிறைவேறியது. 1945 மார்ச்சில், போர் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, நார்வே மலைப்பகுதியில் கொல்லப்பட்டார்.

அதே 1945-ல்தான் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாந்தர் ரோதன் இந்தக் கருவிக்கு 'எலிப்சோமீட்டர்' என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். 'எலிப்ஸ்' என்றால் நீள்வட்டம், அதை அளக்கும் கருவி. அவர் அளந்தது புரதப் படலங்களை. பிளாட்ஜெட் அடுக்கிய அதே பேரியம் ஸ்டியரேட்டை உலோகத் தகட்டில் ஏற்றி, அதன் மேல் ஒரு புரதம் ஒட்டும்போது தடிமன் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார். சமன்பாடு பிறந்து 56 வருஷம் கழித்துத்தான் கருவிக்கு நாம் இன்று சொல்லும் பெயரே கிடைத்தது!

அதற்குப் பிறகு வேகம்தான். சிலிக்கான் சில்லுகளின் மேல் ஆக்சைடு படலத்தை அளக்க வேண்டிய தேவை வந்தது. கையால் போட்டால் ஓயாத கணக்கைக் கம்ப்யூட்டர் போட ஆரம்பித்தது. அமெரிக்காவின் தேசிய தரநிலைக் கழகத்தில் மெக்ராக்கின் குழு 1960-களில் இந்தக் கணக்குகளுக்கு வழி வகுத்தது. 1975-ல் பெல் ஆய்வகத்தின் ஆஸ்ப்னஸும் ஸ்டட்னாவும் பல நிற ஒளிகளில் தானாகவே அளக்கும் கருவியைக் காட்டினார்கள். அளவுகோல் தயார்.

எலி விரட்டியில் ஆரம்பித்த பாலிமர்

இப்போது கதையின் மறுபக்கம். அளக்கப்படும் பொருளின் பெயர் பாலி-என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு. மூச்சு வாங்குகிறதா? இனிமேல் பிநிபாம் என்று கூப்பிடுவோம். 1950-களில் இதன் மூலப்பொருள் தயாரிக்கப்பட்டது. 1957-ல் ஒருவர் இதற்கு வாங்கிய காப்புரிமை எதற்குத் தெரியுமா? எலி விரட்டி!

1968-ல் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஹெஸ்கின்ஸும் கில்லெட்டும் இதன் விசித்திர குணத்தை விளக்கமாக எழுதினார்கள். சர்க்கரை சூடான தண்ணீரில் நன்றாகக் கரையும், குளிர்ந்த தண்ணீரில் குறைவாகக் கரையும். இது நேர் எதிர். குளிர்ந்த தண்ணீரில் தெளிவாகக் கரைந்திருக்கும், ஏறக்குறைய 32 டிகிரியைத் தாண்டினால் பால் மாதிரி வெளுத்துப் பிரியும். காரணம், குளிரில் தண்ணீர் மூலக்கூறுகள் இந்தச் சங்கிலியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் அந்தப் பிடி விடும், சங்கிலிகள் தமக்குள்ளேயே ஒட்டிச் சுருண்டுகொள்ளும். இதைக் கண்டுபிடிக்க உதவியதும் ஒளிதான். கலங்கும் இடத்தைப் பார்ப்பதே அளவீடு.

சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் வலையாகும். வலை தண்ணீரைக் குடித்தால் ஹைட்ரோஜெல். குழந்தைகளின் டயப்பருக்குள் இருப்பதும் இந்த இனம்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த டோயோஇச்சி டனாகா என்ற ஜப்பானியர், ஜெல்களின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி அது சிதறுவதை ஆராய்ந்தவர். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையை நெருங்கும்போது சிதறல் கடுமையாகக் கூடுவதை 1977-ல் அவர் குழு எழுதியது. அடுத்த வருஷம், வெப்பநிலையையோ திரவத்தையோ இம்மியளவு மாற்றினால் ஜெல் திடீரென்று பல மடங்கு சுருங்குவதையும், மறுபடி விரிவதையும் காட்டினார். 1984-ல் பிநிபாம் ஜெல்லிலும், வெறும் தண்ணீரிலேயே, 33 டிகிரி பக்கத்தில் இது நடப்பதை ஹிரோகாவாவும் டனாகாவும் எழுதினார்கள்.

இந்த ஜெல்லை ஏன் பூச்சாகப் பூச வேண்டும்? அதற்கும் பதில் டனாகாவிடம் உண்டு. ஃபில்மோருடன் சேர்ந்து 1979-ல் அவர் காட்டியது: ஜெல் வீங்க எடுக்கும் நேரம் அதன் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. அளவு பத்தில் ஒன்றானால் நேரம் நூறில் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் உருண்டைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ளதற்கு அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது நாலு மில்லிசெகண்டுகூட ஆகாது. வேகம் வேண்டுமென்றால் மெல்லிசாக இருக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் கண்ணால் பார்த்து அளக்க முடியாது. இரண்டு கதைகளும் இங்கே சந்திக்கின்றன.

தண்ணீருக்குள் தண்ணீரை அளப்பது

நண்பர்களே, சொன்ன ஸ்டாக் கணக்கு வந்துவிட்டது.

பிநிபாம் பூச்சைத் தண்ணீருக்குள் வைத்து எலிப்சோமீட்டரில் அளப்பதில் ஒரு பெரிய சிக்கல். ஒளி ஒரு படலத்தை உணர வேண்டுமென்றால், அதன் ஒளிவிலகல் எண் சுற்றியிருப்பதிலிருந்து வேறுபட வேண்டும். தண்ணீருக்கு 1.33. காய்ந்த பாலிமருக்கு ஏறக்குறைய 1.5. ஆனால் ஊறி வீங்கிய ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் அதன் எண்ணும் தண்ணீருக்கு நெருக்கமாக வந்துவிடும். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி. போதாததற்குச் சூடேற்றும்போது தண்ணீரின் எண்ணே மாறும்: 20 டிகிரியில் 1.333, 40 டிகிரியில் 1.331. இதைக் கழிக்காமல் விட்டால் தண்ணீரின் மாற்றம் பூச்சின் மாற்றமாகத் தெரியும்.

இன்னொரு சிக்கல், கருவி தடிமனை நேரடியாகச் சொல்வதில்லை. நீள்வட்டத்தின் வடிவத்தை மட்டும் சொல்லும். தடிமன் எவ்வளவு, ஒளிவிலகல் எண் எவ்வளவு என்று நாம் ஒரு மாதிரியை வைத்துக் கணக்குப் போட வேண்டும். தவறான மாதிரி வைத்தாலும் அழகான விடை வரும். அப்புறம் எப்படி நம்புவது?

இங்கேதான் டேலி. குடோனில் சரக்கை எப்படி மாற்றி அடுக்கினாலும் மொத்தச் சரக்கு மாறாது அல்லவா? பூச்சு அடியில் ஒட்டியிருக்கிறது. சூடேறினால் உள்ளே வருவதும் வெளியே போவதும் தண்ணீர்தான், பாலிமர் அப்படியே இருக்கிறது. எனவே தடிமனையும், 'தண்ணீரைவிட எவ்வளவு அதிக ஒளிவிலகல் எண்' என்பதையும் பெருக்கினால் வரும் தொகை மாறக்கூடாது. ஒட்டியிருக்கும் பொருளின் அளவை இந்த முறையில் கணக்கிடும் சூத்திரத்தை டி ஃபைட்டர் குழு 1978-ல் கொடுத்தது.

புரிவதற்காக நானே ஒரு கணக்கு போடுகிறேன். காய்ந்தபோது 100 நானோமீட்டர், எண் 1.50. தண்ணீரைவிட 0.17 அதிகம். பெருக்கினால் 17. குளிர்ந்த தண்ணீரில் 400 நானோமீட்டராக வீங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாலிமர் நாலில் ஒரு பங்கு, எனவே வித்தியாசம் 0.0425. பெருக்கினால் 17. சூடேறியதும் 150 நானோமீட்டருக்குச் சுருங்குகிறது. வித்தியாசம் 0.1133. பெருக்கினால் மறுபடி 17. டேலி ஆனால் அளவீட்டை நம்பலாம். ஆகவில்லை என்றால் மாதிரியில் எங்கோ கோளாறு, அல்லது பூச்சு கழன்று கொண்டிருக்கிறது. ஆடிட்டர் செய்வதும் இதைத்தானே?

இப்படி ஒளியால் அளந்ததால் தெரியவந்த ஒரு முக்கியமான விஷயம்: பூச்சாக இருக்கும் ஜெல், தனியாக மிதக்கும் ஜெல் மாதிரி நடந்துகொள்வதில்லை. மிதக்கும் ஜெல் நாலாபக்கமும் வீங்கும். தளத்தில் ஒட்டியது பக்கவாட்டில் நகர முடியாது, மேல்நோக்கி மட்டும்தான் வளர முடியும். டூமி, ஃப்ரைடாங்க், ரூஹே ஆகியோர் 2004-ல் எலிப்சோமீட்டரால் இப்படிப்பட்ட ஒட்டிய வலைகளை அளந்து, ஒரே பாலிமர் ஒட்டியிருக்கும்போது மொத்தத்தில் குறைவாகவே தண்ணீர் குடிக்கிறது என்று காட்டினார்கள். பெரிய ஜெல்லுக்குக் கண்டுபிடித்த விதியை அப்படியே பூச்சுக்குப் போட முடியாது. அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

மறுபடி அந்தத் தட்டு

டோக்கியோவில் தெருவோ ஒகானோவின் குழு 1990-ல் பிநிபாம் பூசிய தட்டில் செல்களை வளர்த்து, குளிரவைத்தே கழற்றிக் காட்டியது. அதுவரை செல்களைக் கழற்ற நொதிகளை ஊற்றுவார்கள். அது செல்லுக்கும் தட்டுக்கும் உள்ள பிடியோடு, செல்லுக்கும் செல்லுக்கும் உள்ள பிடியையும் அறுத்துவிடும். படலமாக எடுக்கவே முடியாது.

ஆனால் எவ்வளவு பூச வேண்டும்? 2004-ல் வந்த ஒகானோ குழுவின் ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. 15 முதல் 20 நானோமீட்டர் பூச்சில் செல்கள் 37 டிகிரியில் ஒட்டும், குளிரில் கழலும். 30-ஐத் தாண்டினால் 37 டிகிரியிலும் ஒட்டவே ஒட்டாது. நன்றாக இருக்கட்டும் என்று ஒரு கை அதிகம் பூசினால் எல்லாம் வீண்! அங்கே தளமும் பிளாஸ்டிக், பூச்சும் அதே இனம் என்பதால், ஒட்டிய பாலிமரின் அளவை அகச்சிவப்பு ஒளியை அது உறிஞ்சுவதை வைத்து அளந்தார்கள். தடிமனுக்கு, லேசரால் பூச்சில் பள்ளம் போட்டு அதன் ஆழத்தை நுண்ணிய ஊசியால் தடவிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் அதற்கேற்ற அளவுகோல். ஒளி மட்டும் எல்லாவற்றுக்கும் போதும் என்று சொன்னால் அது மிகை.

எல்லாமே வெற்றிக் கதை என்றும் நினைக்க வேண்டாம். இதே வழியில் எடுத்த செல் படலத்தை இதயத்தில் ஒட்டும் சிகிச்சைக்கு ஜப்பானில் 2015-ல் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. பயன் போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்று 2024-ல் முழு அனுமதி மறுக்கப்பட்டது. பூச்சை அளப்பது வேறு, நோயாளி தேறினாரா என்று அளப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே கண்டிப்பு வேண்டும்.

இந்தக் கதை முழுக்கப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். 1889-ல் ட்ரூட எழுதிய சமன்பாட்டுக்கு அந்த வருஷ லாப நஷ்டக் கணக்கில் ஒரு பைசா வரவு கிடையாது. பாத்திரம் கழுவிய தண்ணீரை அளந்த பொக்கல்ஸுக்கும் அப்படித்தான். "இதனால் என்ன லாபம்?" என்று ஒவ்வொரு மார்ச் 31-க்கும் கேட்டிருந்தால், ஒரு அளவுகோலும் மிஞ்சியிருக்காது. நம் பாடத்தில் ஒரு செலவின் பலன் எந்த வருஷத்தில் கிடைக்கிறதோ அந்த வருஷத்தில் எழுதச் சொல்கிறார்கள். ட்ரூடவின் செலவை எந்த வருஷத்தில் எழுதுவது? அந்த நான்கு பேருக்குப் பார்வை மேம்பட்டது என்ற செய்தி வெளிவந்த 2004-லா?

காஸ்டிங் வாத்தியாரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். இயற்பியல், வேதியியல் படிக்கும் நண்பர்கள் யாராவது வந்தால், உங்கள் கல்லூரியில் எலிப்சோமீட்டர் இருக்கிறதா, அதில் எதை அளக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.